ஒற்றை எழுத்தாய் ஒடுங்கிய பெயர்
யூதத் தத்துவஞானி மோசஸ் மெண்டல்சோன், யூத வேதமாகிய தோராவை ஜெர்மன் பாஷையில் பெயர்த்து, அதனை எபிரேய லிபியிலேயே அச்சிடுவித்தபோது, நாவுக்குப் புதுமொழி பழகினாலும் அனுஷ்டானம் பிதிரார்ஜிதமாகவே நிலைக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினார். அவருடைய குமாரர் ஆபிரகாமோ, 1816-இல் தம் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்து, 1822-இல் தாமும் பெற்று, பார்த்தோல்டி என்ற புதுப்பெயரையும் குடும்பத்துக்குச் சூட்டினார்.

சங்கீத மேதையாகிய மகன் பெலிக்ஸ் 1829-இல் லண்டனுக்குப் புறப்படுகையில், தந்தை அச்சடித்துக் கொடுத்த விஸிட்டிங் கார்டில், பாட்டனாரின் பெயர் ‘எம்’ என்ற ஒற்றை எழுத்தாக ஒடுங்கி, பார்த்தோல்டி மட்டும் முழுமையாக நின்றது. லண்டனிலோ மகன் மெண்டல்சோன் என்றே அறியப்பட்டார். தந்தை கடிந்து கடிதம் எழுதியும் அப்பெயரை அவர் கைவிடவில்லை.

ஆபிரகாமைத் துரோகி என்று தூற்ற எனக்கு மனம் துணியவில்லை. யூதனுக்கு உத்தியோகக் கதவுகள் சாத்தப்பட்டிருந்த தேசத்தில், குழந்தைகளுக்கு ஒரு வழி திறக்க விரும்பிய தகப்பனின் பயம் அது. ஆயினும், விசுவாசத்தை மாற்றிக்கொள்ளும் ஆத்மா, தன்னை ஈன்ற வம்சத்தின் ஸ்மரணையையும் களைந்தாக வேண்டுமா? மெய்யான கிறிஸ்தவராகவே வாழ்ந்த பெலிக்ஸ், வேண்டியதில்லை என்றே கருதினார் போலும்.

1936-இல் நாஜிகள் லைப்சிக் நகரில் அவருடைய சிலையைப் பெயர்த்தெடுத்தபோது, அந்த ஞானஸ்நானத்தை ஒருவரும் கணக்கில் கொள்ளவில்லை.