குரலும் சாந்நித்தியமும்

தூரதேசத்தில் பிழைக்கச் சென்ற மகன் ஒருவன், வீட்டிலிருக்கும் தாயோடு நாள்தோறும் இணையத் தொலைபேசியில் பேசுகிறான் என்றால், அவன் அவளருகே இருக்கிறான் என்று சொல்லலாமா, அல்லது இல்லாமையை மறைக்கும் ஒரு சமாதானத்தைத்தான் இருவரும் அனுபவிக்கிறார்களா என்னும் கேள்வி, கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் பல. கம்பமெட்டும் போடிமெட்டும் கடந்து, இடுக்கியின் ஏலத்தோட்டங்களிலேயே தங்கி வேலை செய்கிறவர்களின் குடும்பங்களுக்கும் பிரிவு பிரிவுதான்.

எஸ்.டி.டி. பூத்துகளின் காலத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசியவரின் கண், மீட்டரில் சிவந்த எழுத்தில் ஏறிக்கொண்டிருந்த தொகையைவிட்டு அகலாது. பணம் வந்து சேர்ந்ததா, உடம்பு எப்படி இருக்கிறது, ஊரில் யார் காலமானார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சொல்லாமல் நின்றவற்றைக் கேசட்டில் பதிந்து, ஊருக்குப் புறப்படுபவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். இந்திய அரசு 2002 ஏப்ரல் முதல் தேதியிலேயே இணையவழித் தொலைபேசிக்கு அனுமதி வழங்கிற்று என்றாலும், மலிவான இணைப்பு வீடுதோறும் நுழைந்தது 2016-க்குப் பிறகே. சவூதி அரேபியா இணையவழி அழைப்புகளுக்கு விதித்திருந்த தடையை 2017 செப்டம்பரில் விலக்கிற்று.

செலவு குறைந்ததைத்தான் எல்லோரும் பெரிய பயனாகச் சொல்கிறார்கள். மௌனத்துக்கு விலை இல்லாமற் போனதே இதன் மகத்தான பயன் என்று எனக்குப் படுகிறது. உத்தமபாளையத்தில் ஒரு வீட்டு அடுக்களையில், அரிசி டப்பாவின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓர் அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ரியாத்தில் மகன் தன் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வெகுநேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. திடீரென்று, "என்னம்மா சத்தம்?" என்றான். "மழைப்பா, தகரத்துல விழுகுது" என்றார். "போனை அப்படியே வைங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றான். செய்தி என்று சொல்லத்தக்கது அதில் ஏதுமில்லை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தானே இருக்கிறார்கள்?

ஆனால் வருவது குரலன்று, குரலின் பிரதியே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. வாயில் பிறந்த ஒலி, விநாடிக்கு எண்ணாயிரம் முறையோ அதற்கு மேலோ அளக்கப்பட்டு எண்களாகி, விநாடிக்கு ஏறத்தாழ ஐம்பது சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பயணம் செய்து, மறுமுனையில் வரிசைப்பட்டு, புதிதாக ஒலியாகிறது என்பது மெய்தான். இந்தியத் தத்துவ மரபில் நியாய வைசேஷிகரோ, எதிரே நின்று பேசுகிறவனின் குரலுங்கூட அப்படியே வந்து செவியை அடைவதில்லை என்கிறார்கள். சப்தம் ஆகாயத்தின் குணமென்றும், முதலில் எழுந்த சப்தம் தன்னையொத்த மற்றொன்றைப் பிறப்பித்து அழிய, அது இன்னொன்றைப் பிறப்பிக்க, அலைமேல் அலையாகவோ கதம்ப மொட்டுகள் விரிவதுபோல நாற்புறமுமோ தொடரும் அந்தப் பரம்பரையின் இறுதிச் சப்தமே செவியில் கேட்கப்படுகிறதென்றும் அவர்கள் சொல்லும்போது, தாய் தன் மகனின் முதற்சப்தத்தைத் தொட்டிலிலும் கேட்டதில்லை என்றாகிறது. எனினும் அவர்களே, இடையில் சப்தமல்லாத எண் வந்து பரம்பரையை அறுத்துவிட்டதே என்று மறுப்பார்கள். அந்த மறுப்பு வலுவானது. சப்தம் நித்தியமானது, காற்று அதை வெளிப்படுத்துவது மாத்திரமே செய்கிறது என்னும் மீமாம்சகரிடம் போனால், கருவியும் வெளிப்படுத்தும் மற்றொரு சாதனமே என்று எளிதில் முடித்துவிடலாம். ஆனால் அவர்கள் நித்தியமென்பது எழுத்தொலியைத்தான். ஒருவனுக்கே உரிய அந்தத் தொண்டையின் கரகரப்பு அவர்கள் கணக்கில் அழியும் துவனியைச் சேர்ந்தது. தாய்க்கு வேண்டியதோ அந்தக் கரகரப்பு.

ஆகவே ஒலியின் இயல்பை ஆராய்ந்து இக்கேள்விக்கு விடை காண முடியாது என்றே கருதுகிறேன். கேசட்டிலும் அதே தொண்டைதான் பேசிற்று. தாய் இருமினால் அது பேச்சை நிறுத்திக் காரணம் கேட்கவில்லை. இருமலைக் கேட்டதும் "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்பவன், அவள் மறுமொழியில் தயக்கத்தைக் கண்டுகொண்டு மறுபடியும் கேட்பவன், அந்த அளவுக்கு அந்த அடுக்களையில் இருக்கிறான். மறுமொழி தருவதற்குத் திறந்திருத்தலே சாந்நித்தியம். பிரார்த்தனை செய்கிறவர்கள், எந்த மதத்தவராயினும், காணாத ஒருவர் கேட்கிறார் என்ற நம்பிக்கையில்தானே வாய் திறக்கிறார்கள்?

இதைச் சொல்லும்போதே இதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நோயுற்றவளை எழுப்பி உட்காரவைக்க, தொழுகைக்கு முன் ஒளூ செய்யத் தண்ணீர் ஊற்ற, முடிவில் உடலைத் தாங்கும் சந்தூக்கைத் தோளில் சுமக்க, குரலுக்குக் கை இல்லை. அந்தக் கடமைகளைப் பேச்சினால் தீர்த்துவிட்டதாக எண்ணுகிற பிள்ளை தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். அண்டைவீட்டாரும் உறவினரும் அங்கே இன்றியமையாதவர்கள். அவர்களை நேரத்தில் அழைக்கவும் இதே தொலைபேசி உதவுகிறது என்பது உண்மை. ஆனால் பழைய செம்புக்கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றதால் வீட்டில் விளக்கணைந்தாலும் பேசிற்று. கண்ணாடி இழை வழியே வரும் இணைப்போ, வீட்டிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். மலையோரத்தில் காற்றும் மழையும் மின்சாரத்தை நிறுத்தும் இரவுகளில்தான் முதியவர்களுக்கு மூச்சுத் திணறலும் வருகிறது. அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரியும், தாயின் கதவைத் தட்டக்கூடிய அண்டைவீட்டாரின் நட்பும் இல்லாமல் வெளிநாடு செல்பவன், குரலை மட்டுமே நம்பி அவளை விட்டுச் செல்கிறான்.