40.5 விநாடி

திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். அந்தப் பள்ளியின் முகப்பில் வாய்மையைப் பற்றி ஒரு வாசகம் எழுதியிருக்கும். அதற்கு நேர் மேலே, மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம். அங்கேதான் ஒரு பையனைப் பொய் எழுத வைத்தேன்.

பதினொன்றாம் வகுப்பு, தனி ஊசல் சோதனை. நீளம் 100 சென்டிமீட்டர். இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 980க்குப் பக்கத்தில் வர வேண்டிய விடை அவனுக்கு 963 வந்தது. அவன் குறித்த நேரம் 40.5 விநாடி. செய்முறைத் தேர்வு நெருங்கியிருந்தது. "40.1ன்னு போட்டுக்கப்பா, சரியா வந்துரும்" என்றேன். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ரப்பரை எடுத்தான். விடை 982 ஆயிற்று. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

அன்றிரவு சின்னாளபட்டி வீட்டில் அப்பாவின் நினைவு வந்தது. அவர் நெசவாளர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிடுவார். அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்ட பிறகுதான் நாடா மறுபடி ஓடும். "நாம மறைச்சாலும் துணி காட்டிக் குடுத்துரும்டா" என்பார்.

மறுநாள் காலை அந்த ஊசலை நானே அளந்து பார்த்தேன். பையன் நூலைக் கொக்கி வரைக்கும்தான் அளந்திருக்கிறான். குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் விட்டுப்போயிருந்தது. நீளத்தை 102 என்று வைத்து, அவன் குறித்த அதே 40.5ஐப் போட்டால் 982 வருகிறது. அவன் கண்ணால் கண்டது சரி. அந்த உண்மையை அழிக்கச் சொல்லி, அவனுடைய பிழையைப் பத்திரமாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். வகுப்பின் முன் அவனை அழைத்து இதைச் சொன்னேன்.

உண்மையை முதலில் வைக்கும் இந்தப் பாடம் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், சிறுமலை அடிவாரத்தில் இருக்கிறது காந்திகிராமம். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. அந்த ராமச்சந்திரன் 1924இல், சாந்திநிகேதன் மாணவராக இருந்தபோது, காந்தியைச் சந்தித்துக் கலையைப் பற்றிக் கேட்டார். அழகின் வழியாக உண்மையை அடைய முடியாதா என்பது அந்த இளைஞரின் தவிப்பு. முதலில் உண்மையைத் தேடு, அழகு தானே வந்து சேரும் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். முன்பு கடவுளே உண்மை என்று சொல்லிவந்த காந்தி, பின்னர் அதைத் திருப்பி, உண்மையே கடவுள் என்றார்; 1931இல் சுவிட்சர்லாந்தில் பேசும்போது அந்தத் திருப்பத்தை விளக்கினார்.

வகுப்பறையில் நின்றவனுக்கு இந்தத் திருப்பத்தின் அருமை தெரியும். என் மாணவர்களில் பேகம்பூர் தோல் தொழிலாளியின் மகனும் உண்டு, நாகல்நகர்ப் பூட்டுத் தொழிலாளியின் மகனும் உண்டு. மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், எந்தக் கோயிலுக்கும் போகாதவர்கள் எல்லோரும் உண்டு. கும்பிடும் இடம் வேறாக இருந்தாலும், ஊசல் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரிதான் ஆடும். எல்லோரும் சேர்ந்து தலைவணங்கக்கூடிய ஒன்று பள்ளிக்கூடத்தில் உண்டென்றால், அது இந்த உண்மைதான்.

1937 அக்டோபரில் வார்தா மாநாடு கைத்தொழிலை மையமாக வைத்த காந்தியின் ஆதாரக் கல்வியை முன்வைத்தது. பிழைப்புக்கு ஒரு தொழில் என்பதாகவே அதைப் பலரும் புரிந்துகொண்டார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பொருளுக்கு முகதாட்சண்யம் கிடையாது. தக்ளியில் நூற்கும்போது இழை சரியில்லை என்றால் அறுந்துபோகும். சாவி சரியாக அமையாவிட்டால் பூட்டு திறக்காது. ஆசிரியரின் முகம் பார்த்து அவை விடை சொல்வதில்லை. கையால் வேலை செய்கிற பிள்ளை, யாரும் போதிக்காமலேயே உண்மைக்குப் பணியக் கற்றுக்கொள்கிறது.

மார்க் போனால் பிள்ளையின் வாழ்க்கையே போய்விடும் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யில்லை. நானும் அதற்குப் பயந்துதான் எண்ணை மாற்றச் சொன்னேன். ஆனால் மதிப்பெண்ணுக்காகக் கண்டதை மறைக்கப் பழகிய பிள்ளை நாளை மருந்துச் சீட்டிலும் பாலத்தின் அளவிலும் அதையே செய்யும். பள்ளியின் முதல் நோக்கம், தான் கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவைப் பிள்ளைக்குத் தருவது. மற்ற நோக்கங்கள் எல்லாம் அதன் பின்னால்தான்.

இன்று ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. தவறான விடையோடு ஒரு பிள்ளை வந்து நின்றால் ரப்பரை நீட்டாதீர்கள். "எங்கேயிருந்து எங்கே வரைக்கும் அளந்தே?" என்று கேளுங்கள்.