இன்னொருவனின் சஞ்சி

பிரிக்பீல்ட்ஸில் முடிவெட்ட உட்கார்ந்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் கடை முதலாளியிடம் கேட்டார்: "என்னண்ணே, ஊருப் பையன் எப்படி? ஒழுங்கா வேலை செய்யிறானா?" அந்தப் பையன் அவருடைய தலைக்கு மேலேதான் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தான். இராமநாதபுரம் பக்கத்துப் பையன். முதலாளியும் அவனுக்குத் தமிழே தெரியாது என்பதுபோலத்தான் பதில் சொன்னார்: "பரவால்லண்ணே. லீவு கேக்க மாட்டான். அது போதும்."

இந்தப் பேச்சில் வன்மம் எதுவும் இல்லை. இரண்டு பேருமே நல்ல மனிதர்கள், கோயில் அன்னதானத்துக்கு வாரி வழங்குகிறவர்கள். அதனால்தான் எனக்கு உறுத்தியது. ஒருவனைப் பற்றி, அவனுடைய தாய்மொழியிலேயே, அவன் அங்கே இல்லாததுபோல எப்படிப் பேச முடிகிறது? அந்தக் காலத்துத் தொரைமார் கூலிகளை வேலை வாங்கத் தமிழ் கற்றுக்கொண்டார்கள். ஆனால் கூலிகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது இங்கிலீஷில்தான். அந்த அளவு மறைப்பாவது இருந்தது.

'ஊரு' என்ற சொல்லையே பாருங்கள். என் பாட்டி 'ஊரு' என்றால் அதில் ஒரு கிணறு இருக்கும், ஒரு அய்யனார் இருப்பார், திரும்பிப் போகாத ஏக்கம் இருக்கும். இரண்டு தலைமுறைக்குள் அதே சொல் வேலி ஆகிவிட்டது. 'ஊரு ஆளு' என்றால் இப்போது நம்மில் ஒருவன் இல்லை என்று பொருள். முகமும் மொழியும் சாமியும் ஒன்றாக இருப்பதால்தான், வித்தியாசத்தைக் காட்ட ஒரு சொல் தேவைப்படுகிறது போலும்.

முடிதிருத்தும் கடைகள், துணிக்கடைகள், நகைத்தொழில் ஆகிய மூன்று துறைகளிலும் அந்நியத் தொழிலாளர்களை எடுப்பது 2009 முதல் முடக்கப்பட்டிருந்தது. 2023இல் அரசாங்கம் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிக்க ஒப்புக்கொண்டது. இந்தியர்களின் பாரம்பரியத் தொழில்கள் அழிகின்றன என்று சங்கங்கள் பல வருடங்களாகக் குரல் கொடுத்ததன் பலன் அது. கோரிக்கை நியாயமானதுதான். ஆனால் அந்த விவாதத்தில் நான் கேட்டதெல்லாம் எண்ணிக்கை, லெவி, பெர்மிட். வருகிறவன் எங்கே தூங்குவான், முதலாளி பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வான் என்று ஒரு வரிகூட என் காதில் விழவில்லை. 'நம் தொழில்' என்று சொன்னபோது நாம் நினைத்தது கடையை. கடையில் நிற்பவனை இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு வாதம் வரும். "நாமளும் இப்படித்தானே வந்தோம், அதனால இரக்கம் காட்டணும்." எனக்கு இந்த வாதம் முழுதாக ஒப்பவில்லை. என் கொள்ளுத்தாத்தா பட்ட கஷ்டத்துக்கு நான் எப்படிக் கடன்காரன் ஆவேன்? அவர் பட்டார், நான் படவில்லை. அவருடைய துன்பத்தை என் நற்சான்றிதழாகக் காட்டுவதும் தவறு. என் கழுத்தில் கடனாகத் தொங்கவிடுவதும் தவறு. இரத்தம் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

ஆனால் விவிலியத்தின் யாத்திராகமத்தில் இதே கட்டளை வேறொரு காரணத்தோடு வருகிறது. அந்நியனை ஒடுக்காதே, ஏனென்றால் எகிப்தில் அந்நியராக இருந்த உங்களுக்கு அவன் மனம் எப்படிப்பட்டது என்று தெரியும் என்கிறது. கடனைப் பற்றிய பேச்சே இல்லை. உனக்குத் தெரியும் என்பதுதான் காரணம். இது எனக்குச் சரியாகப் படுகிறது. பொறி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதன்மேல் ஒருவனை நடக்கவிடுவது வேறு, தெரிந்தே விடுவது வேறு.

நமக்குத் தெரியும். சஞ்சிக்கூலி முறை 1910இல் முடிந்தது. கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவது, இந்திய அரசாங்கம் தடைபோட்ட 1938 வரை நீடித்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: கப்பல் ஏறும் முன்பே கடன், இறங்கியதும் ஒரே முதலாளி, விட்டுப் போக வழியில்லை. இன்றைக்குக் கப்பலுக்குப் பதில் மலிவு விமானம், கங்காணிக்குப் பதில் ஏஜென்ட். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. அவரை விட்டு ஓடினால் அன்றைக்கே அவன் 'சட்டவிரோதக் குடியேறி'. பெர்மிட் காலத்தில் இங்கே கல்யாணம் செய்துகொள்ளவும் கூடாது. இன்னொருவருடைய கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இருந்தும் "பத்திரமா இருக்கட்டும்னு நான்தான் வச்சிருக்கேன்" என்று பெருமையாகவே சொல்லும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிள்ளானுக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். அவர்களுடைய கோரிக்கைகளை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையில்லாமல் வந்துபோக வேண்டும். அதோடு இன்னொன்று: தொரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க மாட்டோம்.

சைக்கிள் கோரிக்கைக்கு ஒரு காசு செலவில்லை. யாருடைய லாபமும் குறையாது. ஆனாலும் அதைக் கேட்க ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. கிராணிமார் நம்மவர்களும் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும்தான் என்பதை நாம் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வோம். வெள்ளைக்காரனுக்கு மட்டுமல்ல, நம் ஆட்களுக்கும் இறங்கி நிற்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். இராணுவம் வந்தது, அதிலும் இந்தியச் சிப்பாய்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

79 வருடம் கழித்து, 2020ஆம் ஆண்டு தொழிலாளர் தினத்தன்று, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்தபோது, மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான அந்நியத் தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றிய அல் ஜசீரா ஆவணப்படம் ஜூலையில் வெளியானது. அதில் பேசிய வங்காளதேச இளைஞர் ராய்ஹான் கபீரைப் போலீஸ் தேடியது, பெர்மிட் ரத்தானது, ஆகஸ்டில் அவர் நாடுகடத்தப்பட்டார். அவர் செய்தது பேசியது மட்டும்தான். அந்த வாரங்களில் என் கைப்பேசியில் வந்த தமிழ்க் குரல்பதிவுகளில் பெரும்பாலானவை "நல்லா வேணும்" என்ற தொனியில்தான் இருந்தன. நாதனை நாடுகடத்தியபோது தொரைமாரின் கிளப்பிலும் அப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று தோன்றியது.

இதையெல்லாம் கிள்ளானில் இருக்கும் என் நண்பனிடம் சொன்னேன். தெங்கு கிளானா சாலைக் கடை ஒன்றில் பசியாறிக்கொண்டிருந்தோம். அவன் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. "நீ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நல்லாப் பேசுற. எங்கப்பாவைத் தோட்டத்தை விட்டு அனுப்பினப்போ அந்த இடத்துக்கு வந்தது யாரு? இப்போ என் மகன் லாரியில ஏத்தி இறக்குற வேலைக்குப் போனா, பாதிச் சம்பளத்துக்கு பங்களா வர்றான்னு சொல்றாங்க. அவனுக்கு இரக்கம், என் மகனுக்கு என்ன?"

இது வெறும் வெறுப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறின. வேலையும் வீடும் ஒரே நாளில் போனவர்கள் நம்மவர்கள். மிஞ்சிய தோட்டங்களில் குத்தகையாளர்கள் கொண்டுவந்த வெளிநாட்டு ஆட்கள். அதற்கு முன்பே, 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும் என்ற சட்டம் இறுக்கப்பட்டபோது, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெர்மிட் என்ற காகிதம் என்ன செய்யும் என்று என் நண்பனின் குடும்பத்துக்கும் தெரியும். இரண்டு தடவை அடி வாங்கியவனிடம் மூன்றாவது ஆளுக்கு இடம் விடு என்று உபதேசம் செய்வது சுலபம். செய்கிறவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்பதில்லை.

ஆனாலும் அவன் கணக்கில் ஒரு இடம் இடிக்கிறது. அந்த பங்களா ஏன் பாதிச் சம்பளத்துக்கு வருகிறான்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட். வீட்டுப் பணியாளர்களைத் தவிர அந்நியத் தொழிலாளருக்கும் அதுதான் சட்டம். அவன் மலிவாக இருப்பதற்கு அவனுடைய நாடோ தோலோ காரணமில்லை. விட்டுப் போக முடியாதவன், புகார் செய்தால் பெர்மிட் போய்விடும் என்று பயப்படுகிறவன், எவனாக இருந்தாலும் மலிவாகத்தான் இருப்பான். கங்காணி காலத்தில் நாம் மலிவாக இருந்ததும் அதனால்தான். நாளைக்கே அவன் வேறு முதலாளியிடம் போகலாம் என்று சட்டம் சொன்னால், இன்றைய முதலாளி அவனுக்குச் சம்பளத்தை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது நண்பனின் மகனும் அவனும் ஒரே விலை. மகனுடைய சம்பளத்தைக் கீழே இழுப்பது அந்தப் பையனின் வருகை இல்லை, அவன் காலில் கிடக்கும் சங்கிலி.

"சரி, ஒரே சம்பளம்னு வை," என்றான் நண்பன். "அப்பயும் மொதலாளி அவனைத்தான் எடுப்பான். என் மகனுக்குக் கல்யாணம், காது குத்து, ஆத்தா ஆஸ்பத்திரின்னு ஆயிரம் இருக்கு. அவன் கடைக்கு மேலேயே படுத்துக்குவான்."

அதுவும் உண்மைதான். லீவு கேட்காதவன் என்பதுதானே அந்த முதலாளியும் சொன்ன பெருமை. அந்தப் பையனுக்கும் இராமநாதபுரத்தில் ஒரு ஆத்தா இருக்கக்கூடும், அவளுக்கும் ஆஸ்பத்திரி இருக்கும் என்றேன். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. பில் வந்தது. மேசைக்கு வந்த தம்பியிடம் அவன்தான் கேட்டான், "உனக்கு எந்த ஊருப்பா?" என்று. தம்பி முதலில் கல்லாவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அறந்தாங்கி என்றான்.