ஐந்தொழிலும் ஆறு அவயவமும்

கண்ணுக்கு அடங்காததை உருவத்தில் அடக்கலாமா என்ற கேள்வி சமயத்துக்குப் பழையது, புள்ளியியலுக்குப் புதியது. தாளுக்கு இருப்பது நீளமும் அகலமும் மட்டுமே. காட்ட வேண்டிய தரவோ பல பரிமாணம் கொண்டது. அதனால்தான் நிறம், தடிப்பு, வளைவு என்று ஓவியரின் உத்திகளைக் கடன் வாங்கித் தரவுகளுக்குப் படம் வரைகிறார்கள். அப்படி வரையும்போது பொருள் விளங்குகிறதா, குறைந்துபோகிறதா? உருவத்தில் பொய் இல்லை, தன்னை முழுமை என்று சொல்லிக்கொள்ளும் உருவத்தில்தான் பொய் இருக்கிறது என்பதே சைவ மரபிலிருந்து நாம் பெறக்கூடிய விடை.

மனவாசகங்கடந்தார் 13ஆம் நூற்றாண்டில் பாடிய ‘உண்மை விளக்கம்’ நடராசத் திருமேனியைக் கிட்டத்தட்ட ஒரு வரைபடமாகவே படிக்கிறது. உடுக்கையில் படைப்பு, அபயக் கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய பாதத்தில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். இறைவனின் தொழில் ஐந்து, சிற்பி வார்த்ததோ நான்கு கையும் இரண்டு காலும். மிஞ்சிய முன் இடக்கைக்குத் தனித் தொழில் இல்லை. அது மார்புக்குக் குறுக்கே நீண்டு, தூக்கிய பாதத்தைச் சுட்டுகிறது. மற்ற நான்கு தொழிலும் அருளுக்காகவே என்ற கோட்பாடு அந்த விரல் நுனியில் வந்துவிடுகிறது.

இந்த வடிவத்தை மேலை உலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கிய நிலவியலாளர். 1918இல் நூலாக வந்த அவருடைய ‘சிவ நடனம்’ உண்மை விளக்கத்தைச் சான்று காட்டுகிறது. உறுப்புக்கு ஒரு பொருள் ஏற்றும் இதே உத்தி புள்ளியியலிலும் உண்டு. 1973இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹெர்மன் செர்னாஃப் தரவை மனித முகமாக வரையும் முறையொன்றை முன்வைத்தார். ஓர் எண் கண்ணின் அளவாகும், இன்னொன்று வாயின் வளைவாகும். 18 மாறிகள் வரை ஒரு முகத்தில் ஏற்றலாம். ஆனால் எதை வாய்க்குக் கொடுப்பது, எதை மூக்குக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பவர் வரைபவர்தான். வாய்க்குப் போனது உடனே சிரிப்பாகவோ துக்கமாகவோ தெரியும். மூக்குக்குப் போனது அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. அப்படியானால் படம் என்றாலே திரிபுதானே என்று கேட்கலாம். தேர்வு இல்லாத படம் கிடையாது. தேர்வை ஒளிக்கும்போதே அது திரிபாகிறது. நடராசர் வடிவம் ஒளிப்பதில்லை. நான்கு கை மனிதர் இல்லை என்பது குழந்தைக்கும் தெரியும் என்பதால், இது குறியீடு என்பதை அந்த உடலே அறிவித்துவிடுகிறது.

படம் என்றாலே திரிபு என்பதைவிட வலுவான மறுப்பு இலங்கையின் மலையகத்திலேயே இருக்கிறது. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே றொசல்ல என்ற ஊர் கிடக்கும் தேயிலை மலைகளில், மரத்தடிக் கல்லுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சூலம் ஊன்றினால் அது சாமி. தொழிற்சாலைக்கு ரோதைமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமி. கல்லுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை, வழிபாட்டிலும் குறையில்லை. பிறகெதற்கு இத்தனை அவயவம்? சைவ சித்தாந்தம் இறைவனுக்கு அருவம், அருவுருவம், உருவம் என்று மூன்று நிலை சொல்கிறது, இலிங்கம் அருவுருவம். தோட்டத்துக் கல்லையும் அதன் பக்கத்தில் வைக்கலாம் என்பது என் துணிபு. அந்தக் கல்லுக்குரிய விளக்கம் முழுவதும் கும்பிடுகிறவர்களின் நினைவில் இருக்கிறது. அந்த நினைவில் பங்கில்லாத வெளியாளுக்கும் சொல்ல வேண்டிவரும்போதுதான் கையும் காலும் தேவைப்படுகின்றன. கல்லும் சரி, செப்புத் திருமேனியும் சரி, தன்னோடு எல்லாம் முடிந்தது என்று சொல்வதில்லை.

தோட்டத்தில் தொழிலாளரின் வேலையைப் பதியும் செக்ரோல் என்ற கணக்கேடு வேறு வகை. பறித்த கொழுந்து எத்தனை கிலோ, விழுந்தது முழுநாள் சம்பளத்துக்கான முழுப்பேரா, பாதிக்கான அரைப்பேரா, வேலைக்கு வந்த நாள் எத்தனை என்பதோடு அது முடிகிறது. சம்பளம் போட அது போதும். ஆனால் மலையின் சரிவுக்கும், அட்டைக்கடிக்கும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு வந்த தாயின் மனதுக்கும் அங்கே கட்டம் இல்லை. விடுபட்டவை உண்டு என்று குறிக்கவும் இடமில்லை. இறைவனைக் காட்டும் வடிவத்தைக் கணக்கேட்டுக்கு உரைகல்லாக்குவது தகுமா என்று பக்தர்கள் கேட்கக்கூடும். தகும். சைவத்தில் உயிரும் இறைவனைப் போலவே அநாதி. எந்த அளவையும் அதை முழுதாக அளந்து முடிக்காது. வருமானம், போசாக்கு, கல்வி என்று மலையக மக்களைப் பற்றி வண்ணப் படம் வரைகிறவர்கள், எதை முன்னிறுத்தினோம், எதை விட்டோம், ஏன் என்பதை அந்தப் படத்திலேயே எழுத வேண்டும். எழுதாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நம்ப வேண்டியதில்லை.