ஒரு மைல் முன்னால் நிற்கும் வண்டி

ஒவ்வொரு செப்டம்பரிலும் ஸ்காபரோவில் மகளின் பள்ளிக்கூடத்தில் டெரி ஃபொக்ஸ் நினைவாக ஓடுவார்கள். போன வருடம் ஓடிவிட்டு வந்தவள், அவனுடைய பழைய காணொளி ஒன்றைக் காட்டினாள். வலது பக்கச் செயற்கைக் கால் தரையில் ஊன்றுகிறது. அது மறுபடி முன்னால் வீசி வருவதற்குள் நல்ல கால் இரண்டு முறை தத்துகிறது. ஊன்றல், தத்தல், தத்தல். “இப்படியே ஒரு நாளைக்கு 42 கிலோமீட்டர், அப்பா” என்றாள்.

எலும்புப் புற்றுநோயால் 1977இல் முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். அப்போது அவனுக்கு வயது 18. மூன்று வருடம் கழித்து, 1980 ஏப்ரல் 12 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜோன்ஸில் அந்தச் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு ஓடத் தொடங்கினான். பசிபிக் கரைவரை போக வேண்டும். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கனடாவில் ஆளுக்கு ஒரு டொலர் சேர்க்க வேண்டும். விடியுமுன்பே சாலையில் இறங்கிவிடுவான். வெட்டுப்பட்ட முனை செயற்கைக் காலின் குழியில் உரசிக் கொப்புளிக்கும், ரத்தம் கசியும். மறுநாளும் அதே புண்ணை அதே குழிக்குள் நுழைத்தாக வேண்டும்.

அவனுடைய மனவலிமையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு மனதில் நின்றது வேறொன்று. அவனுடைய நண்பன் டக் அல்வார்ட் வானை ஒரு மைல் முன்னால் ஓட்டிப்போய் நிறுத்திவிட்டுத் தண்ணீரோடு காத்திருப்பான். டெரி வந்து குடித்துவிட்டுப் போவான். வான் அடுத்த மைலுக்கு நகரும். இந்த இரண்டு பேரும் நோவா ஸ்கோஷியா போய்ச்சேர்வதற்குள் முகம்கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டார்கள். நாட்டின் மறுகோடியிலிருந்து டெரியின் பெற்றோர் பறந்து வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. பிறகு தம்பி டரலும் துணைக்கு வந்து சேர்ந்தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கனடாவுக்கு வந்த புதிதில் நான் பகலில் தொழிற்சாலை, இரவில் அலுவலகத் துப்பரவு என்று இரண்டு வேலை செய்தேன். ஊரில் இருந்த தங்கச்சியை இங்கே எடுக்க வேண்டும். ஆறு வருடம் அப்படி ஓடியது. வேலையிடத்தில் என்னைப்போலப் பொறுமைசாலி இல்லை என்பார்கள். ஒருநாள் நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்து, பிட்டு ஆறிப்போனது என்று தட்டைத் தள்ளினேன். மனைவி அதை ஏற்கெனவே இரண்டு தடவை சூடாக்கி வைத்திருந்தாள். “பிட்டிலே பிழையில்லை. உங்களுக்கு நித்திரை காணாது” என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

களைப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெளியாளைக் கண்டால் சிரிக்கும். வீட்டாளைக் கண்டால் கடிக்கும். விட்டுப் போகமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில்தான் அது பல்லைக் காட்டும். உடம்பு பட்ட வலிக்கு ஊர் கைதட்டுகிறது. அந்த வலியின் எரிச்சலை வாங்கிக்கொண்டவர்களுக்கு, கிலோமீட்டர்க் கணக்குக்கூடக் கிடையாது.

செப்டம்பர் 1. தண்டர் பே நகருக்கு வெளியே டெரிக்கு இருமலும் நெஞ்சுவலியும் வந்தன. சாலையோரம் ஆட்கள் நின்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்வரை ஓடினான். பிறகு வானில் ஏறி, ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னான். 143 நாள், 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஜூன் 28இல், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது இறந்துபோனான். அன்று தண்டர் பேயில் அவனை ஏற்றிக்கொண்டு வானை ஓட்டியது, ஒருகாலத்தில் பேச்சு நின்றுபோயிருந்த அதே டக்தான்.

தங்கச்சி வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக என் கையைப் பிடித்து, “நீ நினைச்சதைச் செய்து முடிச்சிட்டாய்” என்றார்கள். மனைவி அங்கே இல்லை. காரை வாசலுக்குக் கொண்டுவரப் போயிருந்தாள்.