முதுமையும் வாகனமும்: ஓர் அறவியல் நோக்கு

பெரகலையிலிருந்து அப்புத்தளை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் வீதியிற் காரோட்டுவது, சமவெளியில் ஓட்டுவதினின்றும் வேறானதொரு பயிற்சியை வேண்டி நிற்பது. கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அந்நகரைச் சூழ்ந்த பாதைகளில் ஏற்றமும் இறக்கமும் வளைவும் மூடுபனியும் ஒருங்கே எதிர்ப்படும். 'மொறிஸ் மைனர்' காலத்திற் பழகிய சாரதிகளுக்கு, இடக்காலாற் கிளட்சை மிதித்து, இடக்கையாற் கியரை மாற்றி, வண்டி பின்வாங்காது ஏற்றத்திற் புறப்படுவதே தேர்ச்சியின் அடையாளமாயிருந்தது.

அத்தலைமுறை இன்று முதுமையெய்திவிட்டது. முழங்கால் நோகின்றது; தோள் இறுகுகின்றது. தானியங்கிக் கியருள்ள காருக்கு மாறுமாறு பிள்ளைகள் வேண்டுகின்றனர். பெற்றோர் அதனைத் தம் திறமைக்கு இழுக்கெனக் கருதி மறுக்கின்றனர். இது வெறும் வசதி பற்றிய பிணக்கன்று. ஆற்றல் குன்றுங்கால் மனிதன் தன் சுதந்திரத்துக்கு எத்துணை உரிமை கோரலாம் என்னும் வினா இதனுள் அடங்கியுள்ளது.

கண் மங்கியவர் கண்ணாடி அணிவது இழிவன்று. கால் தளர்ந்தவர் தானியங்கியை நாடுவதும் அத்தகையதே. கிளட்சிலும் கியரிலும் சிதறும் கவனம் வீதியிற் குவிகின்றது. கொழும்பிலுள்ள மகனை எதிர்பாராது பதுளை வைத்தியசாலைக்குத் தாமே சென்று மீள்வது முதியவருக்கு வாழ்வின் மதிப்பன்றோ?

ஆயினும் எளிமை ஓர் உண்மையை மறைக்கவும் கூடும். கிளட்சை மிதிக்க இயலாத கால், தன் தளர்ச்சியைத் தானே அறிவிக்கின்றது. தானியங்கி அவ்வறிவிப்பை அடக்கிவிடுகின்றது. 2019 ஏப்ரலில் டோக்கியோவில் 87 வயதான ஒருவர் ஓட்டிய கார் மோதி, ஒரு தாயும் அவரது மூன்று வயது மகளும் உயிரிழந்தனர். பிரேக் என எண்ணி அவர் அக்சிலரேற்றரை மிதித்தார் என்று 2021இல் நீதிமன்றம் முடிவுசெய்தது. நீண்ட இறக்கத்திலும் தானியங்கியைத் தாழ்ந்த கியரில் இருத்தி பிரேக் சூடேறாது காப்பது சாரதியின் பொறுப்பே. ஆகவே இயந்திரம் உழைப்பைக் குறைக்கின்றதேயன்றித் தீர்மானத்தை ஏற்பதில்லை.

மலையக வீதிகளின் ஓரமாகக் கொழுந்து பறிக்கும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் நடந்து செல்கின்றனர். லயன்களில் வாழும் முதியோருட் பலர் வாழ்நாளில் ஒருகாலும் கார் உடையவராயிருந்ததில்லை. கார் உடையவரது சுதந்திரத்துக்கு அஃது இல்லாதவர் தம் உயிரை விலையாகக் கொடுத்தல் நீதியாகாது. எனவே இத்தீர்மானம் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று.

இலங்கையில் இலகுரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் பொதுவாக 8 ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டு, மருத்துவச் சான்றிதழுடன் புதுப்பிக்கப்படுகின்றது. எழுபதில் இருந்த பார்வையும் எழுபத்தெட்டில் உள்ள பார்வையும் ஒன்றல்ல. சட்டம் விட்ட அவ்விடைவெளியை மனச்சான்றே நிரப்ப வேண்டும். வள்ளுவர் அரசனுக்கு வகுத்த 'வலியறிதல்' சாரதிக்கும் பொருந்தும்: வினையின் வலியையும் தன் வலியையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஆனால் தன் தளர்ச்சியைத் தானே காண்பது அரிது. அருகிருந்து பயணஞ் செய்பவரின் சொல்லுக்குச் செவிசாய்த்தலே ஈண்டு அறிவுடைமை.

அங்ஙனஞ் சொல்பவருக்கும் கடமையுண்டு. காரை நிறுத்தச் சொல்லிவிட்டு முதியவரை வீட்டினுள் அடைத்துவைப்பது அறமாகாது. திறவுகோலைப் பெற்றுக்கொள்ளும் கை, அவர் மேற்கொள்ள வேண்டிய பயணத்தையும் பொறுப்பேற்றல் வேண்டும்.