எந்த அசல்?

பழைய புல்லட் ஒன்றை முதன்முறையாகச் சொந்தமாக்கிக்கொள்கிறவன் அதை ‘அசல் நிலைக்கு’ மீட்கப்போவதாகச் சொல்கிறான். எந்த அசல்? 1955க்குப் பின் சென்னையில் உருவான இவ்வண்டி ஆலையில் கழித்தது சில நாட்கள். சாலையில் பல பத்தாண்டுகள். அந்தச் சில நாட்களை மெய்யென்றும் மற்றதை அழுக்கென்றும் கொள்வது ஒரு மதிப்பீடு. மெக்கானிக் தொழிலில் அதற்கு ஆதாரமில்லை.

தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, கழற்றியவற்றைக் கொண்டு இன்னொன்று கட்டினால் எது பழைய கப்பல் என்று ஹாப்ஸ் 1655இல் கேட்டார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இந்தச் சங்கடமில்லை. சேஸிஸ் எண் இருந்தால் வண்டி அதுதான்.

துருவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பிரேக் லைனிங்கும் வயரிங்கும் தெருவில் போகிறவர்களின் உயிர் சம்பந்தப்பட்டவை, மாற்றியே தீரவேண்டும். ஆனால் டாங்க்கின் ஒடுக்கு, யாரோ கையால் வெட்டிப் பொருத்திய தகரம், கிக்கரில் இன்னொருவர் பாதம் தேய்த்த வழுவழுப்பு, இவை யாருக்கு இடைஞ்சல்? தனக்குமுன் எவரும் இதில் ஏறவில்லை என்ற பாவனையைத்தான் புதுப் பெயிண்டாக வாங்குகிறான். அம்மீட்டர் முள் நடுவே நிற்கும்வரை மெல்ல மிதித்து, டிகம்ப்ரஸரை அழுத்திச் சற்றுத் தாண்டவிட்டு, பின் உதைக்கும் பக்குவம்கூட முந்தியவர்களிடமிருந்து வந்ததே. ஸ்பானரை எடுக்குமுன், விற்றவரை ஒருநாள் ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போய்வரலாம்.